சரக்கை மறித்தால் யாருக்கு நஷ்டம்?

கடையடைப்பு நமக்குப் புதிதல்ல. வரியை எதிர்த்து அடைத்திருக்கிறோம், ரவுடி மாமூலை எதிர்த்து அடைத்திருக்கிறோம், கட்சிக்காரர்கள் வந்து ஷட்டரைத் தட்டினால் மனமில்லாமலும் அடைத்திருக்கிறோம். ஒரு நாள் அடைப்புக்கே பால், தயிர், தக்காளி, கொத்தமல்லி என்று எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரு நாடு முழுவதும் நான்கரை மாதம் அடைபட்டுக் கிடந்தால் என்ன ஆகும்? கற்பனைக்காகக் கேட்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாமலே நாம் போய்வரக்கூடிய நேபாளத்தில், 2015 செப்டம்பர் கடைசியிலிருந்து 2016 பிப்ரவரி முதல் வாரம் வரை இதுதான் நடந்தது. ராஜதந்திரிகள் இதைப்பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வியாபாரியின் கண்ணால் பார்த்து எழுதியவர்கள் குறைவு. வெளியுறவு விவகாரம் மளிகைக்காரனுக்கு எதற்கு என்று நம்மிலேயே சிலர் கேட்கலாம். நின்றது சரக்கு லாரி. அதனால் நமக்கும் பேச இடமுண்டு என்று நினைக்கிறோம்.

நேபாளத்துக்குக் கடல் கிடையாது. மூன்று பக்கமும் இந்தியா. வடக்கே இமயமலை, அதற்கு அப்பால் திபெத். வெளிநாட்டுச் சரக்கு பெரும்பாலும் கொல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலிலோ லாரியிலோ பீகாரின் ரக்சௌல் வந்து, ஒரு சிற்றாற்றுப் பாலத்தைக் கடந்து பீர்கஞ்ச் நகருக்குள் நுழைகிறது. அரிசி, பருப்பு, உப்பு, மருந்து, சோப்பு என்று அங்குள்ள மளிகைக் கடையின் அலமாரியில் இருப்பதில் பெரும்பகுதி நம் நாட்டுச் சரக்கு. நேபாளத்தின் வெளி வர்த்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம்மோடுதான். பெட்ரோல், டீசல், சமையல் கேஸ் விஷயம் இன்னும் இறுக்கமானது. 1974 முதல் சப்ளை செய்வது நம் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன். வாங்குவது அவர்களுடைய அரசு நிறுவனமான நேபாள ஆயில் கார்ப்பரேஷன். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர்.

ஒரே மண்டியில் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்காரர் நல்லவர்தான். கடன் தருகிறார், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுகிறார், கஷ்டம் என்றால் ஓடி வருகிறார். ஒரு நாள் ஏதோ மனஸ்தாபம். மறுநாள் காலையில் கடை வாசலுக்கு லோடு வரவில்லை. கேட்டால், "நாங்கள் ஒன்றும் நிறுத்தவில்லையே, வண்டிக்காரன் வரமாட்டேன் என்கிறான்" என்று பதில். நேபாளத்துக்கும் நமக்கும் நடந்ததை இதைவிட எளிதாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

இதற்கு முன்பே ஒரு முறை இது நடந்திருக்கிறது. 1989 மார்ச் 23 அன்று இரு நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தமும் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தமும் காலாவதியாயின. 1988-இல் நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியது தில்லிக்குப் பிடிக்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் இந்தியர்கள் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் பிடிக்கவில்லை. ராஜீவ் காந்தி அரசு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. ரக்சௌல், ஜோக்பனி என்ற இரண்டு வழிகளைத் தவிர மற்றவை மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு மைல் நீள வரிசை நின்றது. அடுப்பெரிக்க மக்கள் காட்டை வெட்டினார்கள். 1990 ஏப்ரலில் மக்கள் கிளர்ச்சிக்குப் பணிந்து மன்னர் பிரேந்திரர் கட்சிகள் மீதிருந்த தடையை நீக்கினார். ஜூலையில் வழிகள் திறந்தன. மருந்து வேலை செய்துவிட்டது என்று அன்று தில்லியில் சிலர் நினைத்திருக்க வேண்டும். மன்னராட்சிமீது நேபாள மக்களுக்கு இருந்த கோபம் முப்பது வருஷமாகச் சேர்ந்தது. அது அந்தக் கணக்கில் ஏறவில்லை.

2015-க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள். சில மணி நேரத்திலேயே நம் விமானப் படை விமானங்கள் உதவிப் பொருள்களோடு காத்மாண்டுவில் இறங்கின. நாம் பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஐந்தே மாதத்தில் அந்தப் பெருமையை நாமே கரைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 20 அன்று நேபாளம் புதிய அரசியல் சட்டத்தை அறிவித்தது. நம் எல்லையை ஒட்டிய சமவெளியில் வாழும் மாதேசி மக்களுக்கும் தாரு மக்களுக்கும் அதில் திருப்தியில்லை. மாநில எல்லை, தொகுதிப் பங்கீடு, குடியுரிமை ஆகியவற்றில் தங்களுக்கு அநீதி என்றார்கள். குறையில் நியாயம் இருந்தது. போராட்டத்தில் போலீசாரையும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பீர்கஞ்ச் – ரக்சௌல் இடையிலான மைத்ரி பாலத்தின் மேல் போராட்டக்காரர்கள் மூங்கில் கட்டி உட்கார்ந்தார்கள். தில்லியும் தன் அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னது. லாரிகள் நின்றன.

தடை போட்டது இந்தியா என்றது நேபாளம். தடை எதுவும் போடவில்லை, அந்தப் பக்கம் கலவரம், அதனால் லாரி டிரைவர்கள் போகத் தயங்குகிறார்கள் என்றது இந்தியா. இந்த வழக்கில் நாம் நீதிபதி அல்ல. போராட்டம் நடந்தது உண்மை. ஆனால் போராட்டமே இல்லாத வழிகளிலும் டேங்கர்கள் ஏன் நகரவில்லை என்று நேபாளம் கேட்டதே, அதற்குத் தில்லியிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்பது நம் கருத்து. செக்போஸ்டில் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கும்போதும் வண்டி நகராமல் நிற்பது எப்படி என்று வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நான்கரை மாதத்தில் காத்மாண்டு கடைவீதி எப்படி இருந்திருக்கும்? அக்டோபரில் தசைன், நவம்பரில் திஹார். நமக்கு ஆயுத பூஜையும் தீபாவளியும் எப்படியோ அப்படி. வருஷத்து வியாபாரத்தின் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான். கடன் வாங்கி ஸ்டாக் எடுக்கும் நேரத்தில் ஸ்டாக்கே இல்லை. தனியார் வண்டிகளுக்குப் பெட்ரோல் முறை வைத்துக் கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. சமையல் கேஸ் சிலிண்டரில் பாதி எடையாக 7.1 கிலோ அடைத்து விநியோகித்தார்கள். தலைநகரத்தில் அரசு நிறுவனமே விறகுக் கடை திறந்தது. ஓட்டல்களில் அடுப்பு குறைந்து பலகாரமும் குறைந்தது. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் பனிக்காலத்தைத் தகரக் கொட்டகையில் கழித்தார்கள். கூரை போட வேண்டிய தகடும் சிமெண்டும் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றன. எரிபொருளும் மருந்தும் தடுப்பூசியும் இல்லாததால் ஐந்து வயதுக்குக் குறைந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து என்று யூனிசெஃப் 2015 நவம்பர் கடைசியில் எச்சரித்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட காலத்தில் கெட்ட பெயர் வாங்குபவர் முதலில் கடைக்காரர். எண்ணெய் டின் இரண்டு உள்ளே இருந்தால் பதுக்கல்காரன். அடக்க விலை ஏறியதற்காக இரண்டு ரூபாய் ஏற்றினால் கொள்ளைக்காரன். இங்கே வெள்ளத்திலும் ஊரடங்கிலும் நாம் கேட்காத ஏச்சா? சாலையை மறித்தது யாராக இருந்தாலும், ஜனங்கள் முகத்துக்கு நேரே பார்ப்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைத்தான். நேபாளத்தில் விலைவாசி உயர்வு பத்து சதவீதத்தைத் தாண்டியது. பொருளாதார வளர்ச்சி அந்த நிதியாண்டில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

சம்பாதித்தவர்களும் இருந்தார்கள். இரு நாட்டு எல்லை 1,700 கிலோ மீட்டருக்கும் மேல் நீளம், வேலி கிடையாது. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கேன் கட்டிப் பெட்ரோல் போனது. பில் போட்டு, வரி கட்டி, லைசென்ஸ் வைத்து வியாபாரம் செய்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பில்லே இல்லாதவன் பல மடங்கு விலைக்கு விற்றான். வழியை அடைக்கும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்பவனுக்கு மட்டும்தான் அந்தத் தடை முழுசாகத் தடை.

ரக்சௌல் ஊரை எத்தனை பேர் நினைத்தோம்? அது நம் நாட்டு ஊர். அங்குள்ள மொத்த வியாபாரி, லாரி புக்கிங் ஆபீஸ்காரர், கிளியரிங் ஏஜெண்டு, சுமை தூக்குபவர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் பிழைப்பு பாலத்துக்கு அந்தப் பக்கத்து வாடிக்கைதான். நேபாளத்தைப் பணிய வைக்கும் திட்டத்தில் தங்கள் கடையும் மூடப்படும் என்று அவர்களை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. 2016 பிப்ரவரி 5 அன்று ரக்சௌல் வியாபாரிகளும் இரு பக்கத்து ஊர் மக்களும் கூடி, பாலத்தின் மேல் கட்டியிருந்த மூங்கில்களையும் பந்தலையும் பிரித்துப் போட்டார்கள். லாரிகள் நகர ஆரம்பித்தன. சில நாளில் மாதேசிக் கட்சிகள் தடையைக் கைவிடுவதாக அறிவித்தன. பேச்சுவார்த்தை மேசையில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். கடைசியில் பாலத்தைத் திறந்தது கடைக்காரர்களின் பொறுமை தீர்ந்ததுதான்.

வரவு என்ன என்று பார்ப்போம். 2016 ஜனவரியில் அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கேட்டதில் கொஞ்சம்தான் கிடைத்தது என்று மாதேசிகளே சொன்னார்கள். செலவுப் பக்கம் நீளமானது. 2015 அக்டோபரில் பிரதமரான கே.பி. சர்மா ஒலி, இந்தியாவுக்கு வளையாத தலைவர் என்ற பெயரை இந்த முற்றுகையில் சம்பாதித்தார். 2017 தேர்தலில் அவருடைய அணி பெருவெற்றி பெற்றது. அதே 2015 அக்டோபரில் நேபாள ஆயில் கார்ப்பரேஷன் சீனாவின் பெட்ரோசைனாவோடு முதல் முறையாக ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. சீனா 1,000 டன் எரிபொருளை இனாமாகவே கொடுத்தது. 2016 மார்ச்சில் சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு கொண்டுவர ஒப்பந்தம் ஆயிற்று. நாற்பது வருஷத்துக்கும் மேலாக வேறு கடைப் பக்கமே திரும்பிப் பார்க்காத வாடிக்கையாளர் எதிர்க் கடையின் படியேறிவிட்டார். படியேற்றிவிட்டது நாம்.

அந்த எதிர்க் கடை ஒன்றும் சொர்க்கமில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திபெத் வழி மலைச்சரிவு வழி. நிலநடுக்கத்தில் மூடிய தாதோபானி எல்லை 2019-இல்தான் திறந்தது. கொரோனாக் காலத்தில் சீனா எல்லையை இறுக்கியபோது, தசைன் பண்டிகைக்கு வரவேண்டிய துணியும் செருப்பும் மாதக்கணக்கில் அந்தப் பக்கம் கிடந்து நேபாள வியாபாரிகள் கடனில் மூழ்கினார்கள். 2025 ஜூலையில் வெள்ளம் ரசுவாகடிப் பாலத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது. சீனத் துறைமுக ஒப்பந்தத்தால் நேபாளத்துச் சந்தைக்கு வந்த சரக்கு சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. நேபாளம் இன்றும் நம்மிடம்தான் பெரும்பாலும் வாங்குகிறது. 2019 செப்டம்பரில் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோ மீட்டர் எண்ணெய்க் குழாய் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் நாடு விட்டு நாடு போகும் முதல் பெட்ரோலியக் குழாய் அதுதான். டேங்கர் வேண்டாம், சிந்தல் இல்லை, கலப்படம் இல்லை. நல்ல காரியம். ஆனால் திருகாணி நம் பக்கம்தான் இருக்கிறது.

ஆகவே பூகோளம் நம் பக்கம், அவர்கள் எங்கே போய்விடுவார்கள் என்று சிலர் வாதிக்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: மனமில்லாமல் வாங்கும் வாடிக்கையாளரை எத்தனை காலம் நம்பி ஸ்டாக் வைப்பது? முற்றுகைக்குப் பிறகு நேபாளத்தில் மின்சார அடுப்பு வாங்கும் பழக்கம் பரவியது. சொந்த ஆற்று நீரில் மின்சாரம் எடுக்கும் வேலை வேகமெடுத்தது. 2021-இல் மேல் தாமாகோசி நிலையம் 456 மெகாவாட்டோடு வந்தது. அங்கே இறக்குமதியாகும் புதுக் கார்களில் பெரும்பாலானவை மின்சாரக் கார்கள் என்ற நிலை சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. இதற்கு விலை, வரிச் சலுகை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சிலிண்டர் இல்லாமல் விறகு பொறுக்கிய அந்தப் பனிக்காலத்தை அந்த ஊர் இல்லத்தரசிகள் மறக்கவில்லை. மழைக்காலத்தில் மிஞ்சும் மின்சாரத்தை 2021 கடைசியிலிருந்து நமக்கே விற்கிறார்கள். 2024 ஜனவரியில், பத்து ஆண்டில் 10,000 மெகாவாட் வரை வாங்குவதாக நாமும் ஒப்பந்தம் போட்டோம். அதிலும் சீன முதலீடு கலந்த நிலையத்து மின்சாரம் வேண்டாம் என்று நிபந்தனை வைத்திருக்கிறோம். பழக்கம் லேசில் போவதில்லை!

இது நம் ஊர்க் குணம் மட்டுமல்ல. 1990 மார்ச்சில் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிவதாக லிதுவேனியா அறிவித்தது. ஏப்ரலில் மாஸ்கோ அதற்குப் போகும் கச்சா எண்ணெயை நிறுத்தியது, கேஸையும் பெருமளவு குறைத்தது. ஜூலை வரை அந்தச் சின்ன நாடு பெட்ரோல் இல்லாமல் தவித்தது. அதை அவர்கள் மறக்கவில்லை. 2014-இல் திரவ எரிவாயுவை இறக்கிச் சேமிக்கும் ஒரு மிதக்கும் நிலையத்தையே கப்பலாகத் தருவித்துத் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். கப்பலுக்குச் 'சுதந்திரம்' என்று பொருள்படும் பெயர். 2022 ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முதலாவதாக, ரஷ்ய எரிவாயுவே வேண்டாம் என்று நிறுத்தியது லிதுவேனியாதான். 2006-இலும் 2009-இலும் குளிர்காலத்தில் கேஸ் குழாயை மூடி உக்ரைனை மிரட்டினார்கள். 2009 ஜனவரியில் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பல்கேரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் வீடுகளும் ஆலைகளும் குளிரில் விறைத்தன. 2015 நவம்பரோடு உக்ரைன் ரஷ்யாவிடம் நேரடியாக வாங்குவதை விட்டது. உலகத்திலேயே பெரிய எரிவாயு வியாபாரியான காஸ்ப்ரோம், ஐரோப்பிய வாடிக்கையில் பெரும்பகுதியை இழந்து, 2023-ஆம் ஆண்டுக்குப் பெரும் நஷ்டம் காட்டியது.

இந்த ஆயுதம் பலித்ததே இல்லையா? பலித்ததுண்டு. 2013 ஜூலை 1 முதல், பூட்டானுக்குக் கொடுத்த சமையல் கேஸ், மண்ணெண்ணெய் மானியத்தை நாம் நிறுத்தினோம். அங்கே பொதுத் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சிலிண்டர் விலை ஒரேயடியாக ஏறியது. இந்தியாவைப் பகைத்துக்கொண்டதால் வந்த வினை என்று எதிர்க்கட்சி பிரசாரம் செய்தது. ஆளும் கட்சி தோற்றது. ஆகஸ்டில் மானியம் திரும்ப வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததால் தானாக நின்றது என்று தில்லி சொன்னது. நம்புகிறவர்கள் நம்பலாம். ஒரு தேர்தலை அசைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவோரும் உண்டு. ஏழு லட்சம், எட்டு லட்சம் ஜனங்கள் உள்ள, நம்மோடு எந்நாளும் நட்பாக இருந்த நாட்டின் சமையலறையில் கை வைத்துப் பெற்ற வெற்றி அது. அதைப் பற்றிப் பெருமை பேச நமக்கு மனம் வரவில்லை.

நம் கடைக்கு நேரடியாக வந்த அடியையும் சொல்கிறோம். 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த பாமாயில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டது. காஷ்மீர், குடியுரிமைச் சட்டம் பற்றி மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியதற்குத் தண்டனை இது என்று சந்தை முழுவதும் பேசிக்கொண்டது. அரசு அப்படி எழுத்தில் சொல்லவில்லை. குறி வைத்தது மலேசியாவுக்கு. ஆனால் அடி நேபாளத்துக்கும் விழுந்தது. கச்சா பாமாயிலை வெளியிலிருந்து தருவித்துச் சுத்திகரித்து, தீர்வையில்லாமல் நமக்கு அனுப்புவது அப்போது நேபாளத்தின் முதல் இடத்து ஏற்றுமதியாக இருந்தது. பாமாயில் டின்னை நம்பிப் பலகாரக் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் விலை பேசி வைத்திருந்த இங்குள்ள எண்ணெய் வியாபாரிகள் அந்த வாரம் பட்ட பாடு நமக்குத் தெரியும். பேசிய விலைக்குக் கொடுத்தால் நஷ்டம், ஏற்றினால் வாடிக்கை போகும்.

வெங்காயக் கதை எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 2019 செப்டம்பர் 29 அன்று ஏற்றுமதியைத் தடை செய்தது மத்திய அரசு. உள்நாட்டு விலைக்காகச் செய்ததுதான், அதில் அரசியல் பழிவாங்கல் இல்லை. ஆனாலும் முன்னறிவிப்பு இல்லை. எல்லையில் வங்கதேசத்துக்குப் போக வரிசையில் நின்ற லாரிகள் அப்படியே நின்றன. டாக்காவில் கிலோ 200 டாக்காவைத் தாண்டியது. விமானத்தில் வெங்காயம் தருவித்தார்கள். அடுத்த செப்டம்பரிலும் அதேபோல் இன்னொரு தடை; மூட்டைக்குள் வெங்காயம் முளைவிட்டும் அழுகியும் போயிற்று. பிறகு வங்கதேசம் சொந்தச் சாகுபடியைக் கூட்டத் திட்டம் போட்டதில் என்ன ஆச்சரியம்?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு கொந்தளிப்பின்போது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள் அடைபட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். ஆவேசத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கேரளத்துக்கு ஏற்ற வேண்டிய காய்கறி தேனி மாவட்டத்து விவசாயியின் தலையிலும் கமிஷன் கடைக்காரரின் தலையிலும்தான் விழுந்தது.

2025 ஆகஸ்டில் நிலைமை தலைகீழாயிற்று. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்று குற்றம் சாட்டி, அமெரிக்கா நம் சரக்குக்கு மேலும் 25 சதவீத வரி போட்டு மொத்தம் 50 சதவீதமாக்கியது. திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களும் இறால் ஏற்றுமதிக்காரர்களும் கலங்கி நின்றார்கள். வியாபாரத்தை வைத்து ஒரு நாட்டை மிரட்டுவதா என்று பத்திரிகைகள் கொதித்தன; நம் சங்கக் கூட்டங்களிலும் கொதித்தோம். அந்தக் கொதிப்பு சரியானதுதான். 2015-இல் ரக்சௌல் பாலத்தில் லாரிகள் நின்றபோது நம் சங்கங்களில் எத்தனை, ஒரு வரி தீர்மானமாவது போட்டன? இதைக் கேட்கும்போது நம்மையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

அரசுக்கு வெளியுறவுக் கொள்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போர் வந்தால், எல்லையில் ஊடுருவல் நடந்தால், ஆயுதமும் வெடிமருந்தும் போகாமல் தடுக்க வேண்டியது அரசின் கடமை. நாம் பேசுவது சமையல் கேஸ், மண்ணெண்ணெய், மருந்து, உப்பு, குழந்தைப் பால் மாவு, அரிசி, பருப்பு இவற்றைப் பற்றி. கடலில்லாத நாட்டுக்கு அண்டை நாட்டின் வழியே கடலுக்குப் போய்வரும் உரிமை உண்டு என்று 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தமே சொல்கிறது. 1995-இல் நாமும் அதை ஏற்று உறுதி செய்திருக்கிறோம்.

வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். ஏற்றுமதி, இறக்குமதித் தடை எதுவானாலும் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்புக்கு முன் பணம் கட்டியதோ, எல்.சி. திறந்ததோ, லாரியில் ஏறியதோ ஆன சரக்கைத் தடுக்கக் கூடாது. மேலே சொன்ன அத்தியாவசியப் பண்டங்களை எந்தத் தகராறிலும் நிறுத்தக் கூடாது. அரசின் முடிவால் எல்லையில் அழுகும் சரக்குக்கு நஷ்ட ஈடு வேண்டும். இந்த நான்கில் கடைசியானது நடக்கிற காரியமில்லை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்தார். இருக்கட்டும், கேட்டு வைப்போம்.

தீர்மானத்தின் வரைவு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. வெங்காயத் தடையிலும் பாமாயில் கட்டுப்பாட்டிலும் நஷ்டப்பட்ட உறுப்பினர்கள் தங்கள் பில் நகலோடு விவரம் எழுதிக் கொடுத்தால், தீர்மானத்தோடு இணைத்துத் தில்லிக்கு அனுப்ப வசதியாக இருக்கும்.